மாமியார் உடைத்தால் மண்குடம்: அமெரிக்க அரசியலின் முறைகேட்டுப் புகார்களை எப்படிப் படிப்பது?

அமெரிக்க அரசியல் செய்தி எதைத் திறந்தாலும் பெரும்பாலும் இதே வரிசைதான். ஒரு கட்சிக்காரர் அரசின் மேல் முறைகேட்டுப் புகார் சொல்கிறார். அதிபரின் கட்சிக்காரர் "இது அரசியல் பழிவாங்கல்" என்கிறார். புகார் சொன்னவரைப் பார்த்து, "உங்கள் ஆட்சியில் நடந்ததை மறந்துவிட்டீர்களா?" என்றும் கேட்கிறார். படிக்கிற நமக்கு மூன்றாவது பத்தியிலேயே அலுத்துவிடுகிறது. எல்லாம் அரசியல்தான் என்று அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

அந்த அலுப்பு எனக்கும் வந்ததுண்டு. ஆனால் தவறு செய்தவருக்கு நம்முடைய அலுப்பைப் போல வசதியானது வேறெதுவும் இல்லை. "எல்லாரும் அப்படித்தான்" என்று ஊரே சொல்லத் தொடங்கிவிட்டால் உண்மையிலேயே திருடியவர் கூட்டத்தில் கலந்து மறைந்துவிடுவார். அதனால்தான் இந்தப் புகார்கள் எங்கே பிறக்கின்றன, எப்படி விசாரணையாகின்றன, எந்த இடத்தில் நின்றுபோகின்றன என்பதை அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு. நமக்குப் பழக்கமான நாடாளுமன்ற முறையில் பிரதமரும் அமைச்சர்களும் அவைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி நேரத்தில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். பெரும்பான்மை போனால் ஆட்சியே போய்விடும். அமெரிக்காவில் அதிபர் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர். அவருடைய அமைச்சர்கள் அவை உறுப்பினராகவும் இருக்க அரசியலமைப்பு இடம் தருவதில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்பதும் அங்கே கிடையாது. அப்படியானால் அரசைக் கேள்வி கேட்பது யார்? காங்கிரஸ். (அங்கே காங்கிரஸ் என்பது கட்சியின் பெயரல்ல. 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையும் 100 பேர் கொண்ட செனட்டும் சேர்ந்த நாடாளுமன்றத்தின் பெயர்.) அதன் கையில் இருக்கும் கருவி, குழுக்கள். குழுவுக்கு சம்மன் அனுப்பும் அதிகாரம் உண்டு. ஆளை வரவழைக்கலாம், சத்தியப்பிரமாணம் எடுக்கவைத்துக் கேட்கலாம், கோப்புகளைக் கொண்டுவரச் சொல்லலாம்.

எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மையோ அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்தான் குழுவின் தலைவர். பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல். அதிபர் ஒரு கட்சி, சபை இன்னொரு கட்சி என்று ஆகும்போது, முந்தைய மாதம் வரை வெறும் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த எதிர்த்தரப்பு உறுப்பினர் கையில் திடீரென்று சம்மன் அதிகாரம் வந்துவிடும். 2010 தேர்தலில் குடியரசுக் கட்சி சபையைப் பிடித்தது, ஒபாமா அரசின் மேல் விசாரணைகள் எழுந்தன. 2018இல் ஜனநாயகக் கட்சி பிடித்தது, டிரம்ப் மேல். 2022இல் மறுபடி குடியரசுக் கட்சி, பைடன் மேல். விசாரணைகள் அலை அலையாக வருவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் எல்லாமே பகையில் பிறந்தவைதானே என்று கேட்டால், ஆமாம், பெரும்பாலும் அப்படித்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதிபரின் தவறைத் தோண்டியெடுக்க அதிக ஆசையுள்ளவர் அவருடைய எதிரிதான். 1920களில் வயோமிங் மாநிலத்தின் டீப்பாட் டோம் என்ற இடத்தில் கடற்படைக்கென்று ஒதுக்கிய எண்ணெய் நிலத்தை, குடியரசுக் கட்சி அரசின் உள்துறைச் செயலர் (அங்கே அமைச்சரைச் செயலர் என்றுதான் சொல்வார்கள்) ஆல்பர்ட் ஃபால் ஏலம் விடாமல் ரகசியமாகக் குத்தகைக்குக் கொடுத்தார். அதை விடாமல் தோண்டியவர் ஜனநாயகக் கட்சியின் செனட்டர் தாமஸ் வால்ஷ். சேற்றை வாரி இறைக்கிறார் என்று அவரைத் தூற்றியவர்கள் உண்டு. ஆனால் ஃபால் 1,00,000 டாலர் வாங்கியது உண்மையாக இருந்தது. 1929இல் லஞ்சக் குற்றம் நிரூபணமாகி, 1931இல் சிறைக்குப் போனார். பதவியில் செய்த குற்றத்துக்காகச் சிறை சென்ற முதல் அமெரிக்க அமைச்சர் அவர். வால்ஷ் எந்தக் கட்சி என்பதால் அந்தப் பணம் இல்லாமல் போய்விடவில்லை.

அதே காலத்தில் நடந்த இன்னொரு செனட் விசாரணைக்கு, முன்னாள் அட்டர்னி ஜெனரலின் சகோதரர் சாட்சி சொல்ல வர மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டம் இயற்றுகிற அவைக்கு, அதற்குத் தேவையான தகவலை வற்புறுத்திப் பெறும் அதிகாரமும் உண்டு என்று 1927இல் தீர்ப்பு வந்தது. இன்று எந்தக் கட்சி சம்மன் அனுப்பினாலும் அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் இந்தக் கருவியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சம்மனை மதிக்காதவர் அவமதிப்புக் குற்றம் செய்தவர் என்று சபை தீர்மானம் போடலாம். வழக்குத் தொடுக்க வேண்டியது நீதித்துறை. அங்கே நீதித்துறை என்பது நீதிமன்றம் அல்ல, அதிபரின் கீழ் இயங்கும் ஓர் அமைச்சகம். அதன் தலைவரான அட்டர்னி ஜெனரல், அதிபர் நியமித்தவர். 2012இல் ஒபாமாவின் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர், 2019இல் டிரம்பின் வில்லியம் பார், 2024இல் பைடனின் மெரிக் கார்லண்ட் என மூவர் மேலும் சபை அவமதிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. மூன்றையும் நிறைவேற்றியது அந்தந்த அதிபரின் எதிர்க்கட்சிப் பெரும்பான்மை. மூவர் மேலும் வழக்கு வரவில்லை. ஹோல்டருக்காகக் கொதித்தவர்கள் பாருக்காக அமைதியானார்கள், பாருக்காகக் கொதித்தவர்கள் கார்லண்டுக்காக அமைதியானார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் வீடுகளில் சொல்வது அந்த ஊர் அவைக்கும் அப்படியே பொருந்துகிறது.

பின்னே எப்போதுதான் ஓர் அதிபர் பதில் சொல்ல நேர்கிறது? இதற்கு வாட்டர்கேட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எல்லாரும் பெயர் கேட்டிருக்கிறோம். ஆனால் அது எப்படி முடிந்தது என்பது பலருக்குத் தெளிவாக இல்லை.

1972 ஜூன் 17 அதிகாலை. வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சித் தலைமையகத்தில் ஐந்து பேர் பிடிபட்டார்கள். கதவின் தாழ்ப்பாளில் டேப் ஒட்டியிருப்பதைக் கவனித்த இரவுக் காவலாளிதான் போலீஸுக்குச் சொன்னவர். சாதாரணத் திருட்டு என்றது வெள்ளை மாளிகை. ஜனநாயகக் கட்சி கத்தியது. நவம்பரில் தேர்தல் வந்தது. குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் 50 மாநிலங்களில் 49ஐ வென்றார். எதிர்க்கட்சியின் கூச்சலால் ஒரு பயனும் விளையவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

திருப்பம் 1973 பிப்ரவரியில் வந்தது. விசாரணைக் குழு அமைக்க செனட் 77-0 என்று வாக்களித்தது. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. தலைவர் ஜனநாயகக் கட்சியின் சாம் எர்வின், துணைத் தலைவர் குடியரசுக் கட்சியின் ஹோவர்ட் பேக்கர். "அதிபருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும்?" என்று இன்றைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டும் கேள்வியைக் கேட்டவர் பேக்கர்தான். நிக்சனின் சொந்தக் கட்சிக்காரர். ஜூலையில் வெள்ளை மாளிகையின் முன்னாள் அதிகாரி அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டைக் குழு ஊழியர்கள் தனியறையில் விசாரித்தபோது, அதிபர் அலுவலகத்தில் பேச்சுகளைப் பதிவு செய்யும் கருவி ஏதும் உண்டா என்ற பொருளில் கேட்டு உண்மையை வரவழைத்தவரும் குடியரசுக் கட்சித் தரப்பு வழக்கறிஞர்தான். அந்த ஒரு பதிலில் வழக்கே மாறிவிட்டது. அதுவரை ஒருவர் சொல்லுக்கு எதிராக மற்றவர் சொல். இனி ஒலிநாடா இருக்கிறது.

வாட்டர்கேட்டை விசாரிக்க நியமிக்கப்பட்டிருந்த தனி வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ், நாடாக்களைத் தரச் சொன்னார். அவரை நீக்கச் சொன்னார் நிக்சன். 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு. அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன், மாட்டேன் என்று ராஜினாமா செய்தார். அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்தார். மூன்றாமவரான ராபர்ட் போர்க் நீக்கினார். அந்த இரவில் மறுத்த இருவரும் நிக்சன் நியமித்தவர்கள், அவருடைய கட்சிக்காரர்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் அவர்கள் இருவரும்தான். தன் தலைவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல, எதிரியைத் திட்டுவதைவிடப் பல மடங்கு துணிவு வேண்டும்.

1974 ஜூலை 24 அன்று, நாடாக்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 8-0 என்று தீர்ப்பளித்தது. அந்த எட்டு நீதிபதிகளில் மூவர் நிக்சன் நியமித்தவர்கள். மூன்று நாள் கழித்து சபையின் நீதிக் குழு முதல் குற்றச்சாட்டை 27-11 என்று ஏற்றது. 27இல் ஆறு பேர் குடியரசுக் கட்சி. ஆகஸ்ட் 5 வெளியான நாடாவில், விசாரணையைத் தடுக்க நிக்சனே வழி சொன்னது அவர் குரலிலேயே இருந்தது. இரண்டு நாள் கழித்து வெள்ளை மாளிகைக்குப் போன மூவர் பாரி கோல்ட்வாட்டர், ஹக் ஸ்காட், ஜான் ரோட்ஸ். மூவருமே குடியரசுக் கட்சியின் மூத்த தலைவர்கள். காங்கிரஸில் உங்களுக்கு ஆதரவு மிச்சமில்லை என்று அவர்கள்தான் சொன்னார்கள். ஆகஸ்ட் 9 நண்பகலோடு நிக்சன் பதவியை விட்டார்.

பகை கதவைத் தட்டியது. ஆனால் கதவைத் திறந்தவர்கள் உள்ளே இருந்தவர்கள். கூடவே, யார் குரலையும் நம்பத் தேவையில்லாத ஒரு சான்று இருந்தது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் சேர்வது மிக அரிது.

இங்கே சொல் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். "டிரம்ப்பைத்தான் 2019லேயே பதவி நீக்கம் செய்தார்களே, அப்புறம் எப்படித் தொடர்ந்தார்?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். இம்பீச்மென்ட் என்பதை நம் பத்திரிகைகள் பதவி நீக்கத் தீர்மானம் என்று எழுதுவதால் வரும் குழப்பம் அது. இம்பீச்மென்ட் என்றால் குற்றச்சாட்டுப் பதிவு, அவ்வளவுதான். அதற்குப் பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை போதும். நீக்க வேண்டுமானால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், 100க்கு 67. எதிர்க்கட்சி தனியாக 67 இடம் வைத்திருப்பது இந்தக் காலத்தில் நடக்காத காரியம். ஆக, அதிபரின் சொந்தக் கட்சிக்காரர்கள் வராமல் நீக்கம் இல்லை. ஆண்ட்ரூ ஜான்சன், கிளின்டன், இரண்டு முறை டிரம்ப் என நான்கு முறை இம்பீச்மென்ட் நடந்தும் ஒருவர்கூட நீக்கப்படவில்லை.

கிளின்டன் வழக்கு 1999 பிப்ரவரியில் செனட்டில் விழுந்தது. ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒருவர்கூட அவருக்கு எதிராக வாக்களிக்கவில்லை. டிரம்பின் முதல் வழக்கில், உக்ரைனுக்கான ராணுவ உதவியை நிறுத்திவைத்துவிட்டு அரசியல் போட்டியாளர் மேல் விசாரணை கேட்டார் என்பது புகார். குடியரசுக் கட்சியிலிருந்து மிட் ராம்னி மட்டும் ஒரு குற்றச்சாட்டில் அவருக்கு எதிராக வாக்களித்தார். தன் கட்சி அதிபரை நீக்க வாக்களித்த முதல் செனட்டர் அவர்தான். 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதலுக்குப் பின் வந்த இரண்டாவது வழக்கில் சபையில் 10 பேரும் செனட்டில் 7 பேரும் கட்சி எல்லையைக் கடந்தார்கள். 57-43. இன்னும் 10 பேர் வேண்டியிருந்தது.

அப்படிக் கடந்த சபை உறுப்பினர் பத்துப் பேரின் கதி என்ன? நான்கு பேர் மறுபடி போட்டியிடவே இல்லை. நான்கு பேர் 2022இல் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்தலிலேயே தோற்றார்கள். வயோமிங்கின் லிஸ் செய்னி அவர்களில் ஒருவர். இடத்தைத் தக்கவைத்தவர்கள் இருவர் மட்டுமே. வேட்பாளர் தேர்தலில் வாக்களிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கட்சிமேல் தீவிரப் பற்றுள்ளவர்கள். தொகுதி எப்படியும் ஒரு கட்சிக்குத்தான் என்று ஆகிவிட்ட இடத்தில், உறுப்பினர் பயப்பட வேண்டியது எதிர்க்கட்சிக்கு அல்ல, சொந்தக் கட்சிக்குத்தான். பொன்குடம் மண்குடம் பேச்சுக்கு அடியில் இருக்கும் கணக்கு இதுதான். ஆளைக் குறை சொல்வதோடு நிறுத்தினால் இது நம் கண்ணில் படாது.

பகை மட்டுமே ஓட்டிச் சென்ற விசாரணைகளும் உண்டு. 2012 செப்டம்பர் 11 அன்று லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்ஸ் உட்பட நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். பாதுகாப்பு ஏன் போதவில்லை என்பது நியாயமான கேள்வி. அந்தக் குடும்பங்களுக்குப் பதில் கிடைத்தே ஆக வேண்டும். பல குழுக்கள் விசாரித்த பிறகு 2014இல் சபை இன்னொரு தனிக்குழுவையும் அமைத்தது. தாக்குதல் நடந்தபோது வெளியுறவுச் செயலராக இருந்த ஹிலாரி கிளின்டனை 2015 அக்டோபரில் ஒரே நாளில் சுமார் 11 மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டது. அதற்குச் சில வாரம் முன்பு, சபையின் குடியரசுக் கட்சித் தலைவர்களில் ஒருவரான கெவின் மெக்கார்த்தி, அந்தக் குழுவால்தான் ஹிலாரியின் மக்கள் ஆதரவு சரிந்தது என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசிவிட்டார். சபாநாயகர் போட்டியிலிருந்தே அவர் விலக நேர்ந்தது. 800 பக்க அறிக்கை வந்தபோது, ஹிலாரி தனிப்பட்ட முறையில் குற்றம் செய்தார் என்பதற்குப் புதுச் சான்று அதில் இல்லை. ஆனாலும் அந்த விசாரணையின் வழியாகத்தான் அவர் அரசு வேலைக்குத் தனிப்பட்ட மின்னஞ்சல் சர்வரைப் பயன்படுத்திய செய்தி வெளியே வந்தது. அது உண்மை. நோக்கம் கோணலாக இருந்தது என்பதும், கிடைத்த தகவல் உண்மை என்பதும் ஒரே கதையில் இருக்க முடியும்.

கட்சிச் சண்டைக்கு வெளியே நின்று விசாரிக்க ஏற்பாடே இல்லையா என்றால், உண்டு. வாட்டர்கேட்டுக்குப் பின் 1978இல் வந்த சட்டம் அமைச்சகங்களுக்குள் இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்ற பதவியை உருவாக்கியது. நமக்கு ஐ.ஜி. என்றால் போலீஸ் நினைவுக்கு வரும். இவர் அப்படியல்ல, துறைக்குள்ளேயே இருந்துகொண்டு அதே துறையைத் தணிக்கை செய்பவர். 2019 டிசம்பரில் நீதித்துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் மைக்கேல் ஹோரோவிட்ஸ் ஓர் அறிக்கை கொடுத்தார். டிரம்ப் பிரச்சாரக் குழுவுக்கும் ரஷ்யாவுக்கும் தொடர்பு உண்டா என்று எஃப்.பி.ஐ. விசாரணை தொடங்கியதற்குப் போதிய காரணம் இருந்தது என்றது அறிக்கை. அதே அறிக்கை, அந்தக் குழுவின் முன்னாள் ஆலோசகர் ஒருவரை ஒட்டுக்கேட்க நீதிமன்றத்தில் கொடுத்த மனுக்களில் 17 பெரிய பிழைகளும் விடுபடல்களும் இருந்தன என்றும் சொன்னது. ஜனநாயகக் கட்சி முதல் பாதியைத் தூக்கிக்கொண்டு போனது, குடியரசுக் கட்சி இரண்டாம் பாதியைத் தூக்கிக்கொண்டு போனது. முழு அறிக்கையையும் படித்தவருக்கு மட்டும் இரண்டும் தெரியும். அறிக்கை எழுதியவர் யாருக்கும் சாதகமாக நிற்கவில்லை, அதனால்தான் அது பயனுள்ளது.

உக்ரைன் விவகாரமும் இந்த வழியாகத்தான் காங்கிரஸுக்குப் போனது. உளவுத்துறைக்கான இன்ஸ்பெக்டர் ஜெனரல் மைக்கேல் அட்கின்சன், புகார் நம்பத்தக்கது, அவசரமானது என்று முடிவு செய்தார். அவரை நியமித்தவர் டிரம்ப். 2020 ஏப்ரலில் அவரை நீக்கியவரும் டிரம்ப். 2025 ஜனவரியில், இரண்டாம் முறை பதவிக்கு வந்த முதல் வாரத்திலேயே, சுமார் 17 இன்ஸ்பெக்டர் ஜெனரல்களை டிரம்ப் ஒரே இரவில் நீக்கினார். காங்கிரஸுக்கு 30 நாள் முன்னறிவிப்பும் விரிவான காரணமும் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காரணம் கேட்டு எழுதப்பட்ட கடிதத்தில் ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பினோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டார், பல ஆண்டுகளாக இந்தப் பதவிக்காகப் பேசிவரும் குடியரசுக் கட்சியின் சக் கிராஸ்லி. காவலர்களையே வெளியே அனுப்பியது என் கண்ணில் மற்ற எந்தப் புகாரையும்விடக் கனமானது. ஒரு திருட்டைப் பிறகும் கண்டுபிடிக்கலாம், கணக்குப் பார்க்கவே ஆளில்லை என்றால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு பூட்டு அதிபரின் மன்னிப்பு அதிகாரம். நிக்சனுக்கு அடுத்து வந்த ஃபோர்டு 1974 செப்டம்பரில் அவரை மன்னித்தார். 1992 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஈரான்-கான்ட்ரா ஆயுத பேர விவகாரத்தில் சிக்கிய ஆறு பேரை மூத்த புஷ் மன்னித்தார். 2024 டிசம்பரில் பைடன் தன் மகனை மன்னித்தார், செய்ய மாட்டேன் என்று முன்பு சொல்லியிருந்தும். 2025 ஜனவரி 20 அன்று, ஜனவரி 6 தாக்குதல் வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு டிரம்ப் மன்னிப்பு கொடுத்தார். இவை ஒரே எடையுள்ளவை அல்ல. மகனை மன்னிப்பதும், நாடாளுமன்றத்தைத் தாக்கியவர்களை மொத்தமாக மன்னிப்பதும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். "இரண்டு கட்சியும் ஒன்றுதான்" என்பது நடுநிலை போலத் தோன்றும் சோம்பல். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடை போடத்தான் வேண்டும்.

அப்படி எடை போட்டுக் காட்டிய ஒரு வாக்கெடுப்பு உண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜார்ஜ் சாண்டோஸ், தன் படிப்பு, வேலை என எல்லாவற்றிலும் பொய் சொல்லி 2022இல் ஜெயித்தது அம்பலமானது. கிரிமினல் வழக்கும் வந்தது. 2023 நவம்பர் 1 அன்று அவரைச் சபையிலிருந்து வெளியேற்றும் தீர்மானம் 179-213 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் ஜனநாயகக் கட்சியினர் 31 பேரும் இருந்தார்கள். விசாரணை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பது அவர்கள் வாதம். எதிரிக் கட்சி ஆளை வெளியே தள்ள அன்றே வாக்களித்திருக்கலாம், செய்யவில்லை. சபையின் நெறிமுறைக் குழு மட்டும் இரண்டு கட்சிக்கும் சரிபாதி இடம் கொண்டது. தேர்தல் நிதியைச் சாண்டோஸ் சொந்தச் செலவுக்கு எடுத்ததை அது விவரமாக எழுதி நவம்பர் 16 அன்று வெளியிட்டது. அதன் குடியரசுக் கட்சித் தலைவரே வெளியேற்றத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

டிசம்பர் 1 அன்று 311-114. முதல் முறை ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 24 பேர், இந்த முறை 105 பேர். சபாநாயகர் மைக் ஜான்சன் உட்பட அதைவிடச் சற்று அதிகமானோர் எதிர்த்தே வாக்களித்தார்கள். சபையில் அவர்களுடைய பெரும்பான்மை விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தது. அந்த இடம் போனால் எதிர்க்கட்சிக்குப் போகக்கூடும் என்று 105 பேருக்கும் தெரியும். 2024 பிப்ரவரியில் இடைத்தேர்தல் நடந்தது. ஜனநாயகக் கட்சிதான் வென்றது.